குழந்தைகளின் இடுப்பு மூட்டு நோய்: பெர்த்தஸ் நோயும் அதன் சிகிச்சையும்

பெங்களூர் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புப் பயிலும் சிறுவன் ஒருவன், சில வாரங்களாக ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான் எனக் கொள்க. அவனுக்குக் காய்ச்சல் இல்லை. உடல் மெலிவும் இல்லை. ஆட்டத்திலும் ஓட்டத்திலும் உள்ள ஆர்வமும் குறையவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறான். பெற்றோர் அதனைச் சுளுக்கு எனக் கருதி எண்ணெய் தடவி நீவி விடுகின்றனர். முழங்காலில் வீக்கமோ சிவப்போ காணப்படாமையால் ஆசிரியரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. மாலையில் நொண்டல் மிகுகிறது. இரவு உறங்கி எழுந்தால் குறைகிறது. இவ்வாறே மாதங்கள் கழிகின்றன. உண்மையில் நோய் முழங்காலில் இல்லாமலிருக்கலாம். இடுப்பு மூட்டில், தொடையெலும்பின் உருண்டையான தலைப் பகுதிக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு, அவ்விடத்து எலும்பு உயிரற்றுப் போயிருக்கக்கூடும். இதுவே பெர்த்தஸ் நோய் எனப்படுவது.

இந்நோயால் உயிருக்கு ஆபத்து இல்லை. இறந்த எலும்பு தானாகவே அகற்றப்பட்டு, அதன் இடத்தில் புதிய எலும்பு வளர்ந்து, நோய் தானாகவே ஆறிவிடும். எனினும், ஆறிய பின்னர் எலும்பின் தலை உருண்டையாக இருக்குமா, தட்டையாக இருக்குமா என்பதே கேள்வி. உருண்டையாக ஆறினால் அம்மூட்டு முதுமை வரையில் தொல்லையின்றி உழைக்கும். தட்டையாகிக் குழியோடு பொருந்தாமற் போனால் ஐம்பது வயதிற்கு முன்னரே மூட்டுத் தேய்மானமும் வலியும் தோன்றும். இவ்விரு முடிவுகளில் எது நேரும் என்பது பெரும்பாலும் நோய் தொடங்கிய ஓராண்டுக் காலத்திற்குள் தீர்மானமாகிவிடுகிறது. அக்காலத்தில் குழந்தையை நாள்தோறும் காண்பவர் மருத்துவர் அல்லர். ஆசிரியரும், அங்கன்வாடிப் பணியாளரும், சுகாதார ஊழியருமே ஆவர்.

மூட்டின் அமைப்பும் இரத்த ஓட்டமும்

இடுப்பு மூட்டு, கிண்ணத்தினுள் பொருந்திய பந்தினை ஒத்தது. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். தொடையெலும்பின் தலை பந்து. வளரும் பருவத்தில் இத்தலைக்கும் அதன் கீழுள்ள கழுத்திற்கும் இடையே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு ஒன்று உள்ளது. எலும்பு நீளுவதற்கு இத்தட்டு இன்றியமையாதது. ஆனால், கழுத்தின் வழியே வரும் இரத்தம் தலைக்குள் புகாதவாறு தடுக்கும் சுவராகவும் அது அமைந்துவிடுகிறது. ஆதலின் தலைக்கு வேண்டிய இரத்தம், கழுத்தின் மேற்பரப்பை ஒட்டி மூட்டுறையினுள் ஏறிச் செல்லும் மெல்லிய தமனிக் கிளைகளையே பெரிதும் நம்பியுள்ளது. குழியின் அடியிலிருந்து தலையை இணைக்கும் தசைநாரின் வழியே வரும் சிறு தமனியின் உதவி, நான்கு முதல் எட்டு வயது வரையிலான பருவத்தில் மிகச் சொற்பம். ஒரே வாய்க்காலை நம்பிய கடைமடை வயலின் நிலை அது. வாய்க்கால் அடைபட்டால் வயல் காயும். நீர் பாய வேறு வழி இல்லை.

இந்த இரத்த ஓட்டம் ஏன் தடைப்படுகிறது என்பது இன்றுவரை தெளிவாக அறியப்படவில்லை. ஒரே முறை அன்றி, பன்முறை தடைப்படுவதாலேயே நோய் உண்டாகிறது என்று பலர் கருதுகின்றனர். ஜப்பான், தைவான் ஆகிய நாடுகளில் சில குடும்பங்களில் மட்டும், குருத்தெலும்பின் புரதத்தைச் சார்ந்த மரபணு மாற்றம் ஒன்று காணப்பட்டுள்ளது. ஏனைய குழந்தைகளுக்கு அவ்வாறான விளக்கம் கிடைக்கவில்லை. குழந்தை விழுந்ததாலோ, தாய் கவனக்குறைவாக இருந்ததாலோ இந்நோய் வருவதில்லை என்பதைப் பெற்றோரிடம் தெளிவாகக் கூறுதல் நன்று. பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுவேயாகும்.

இரத்தம் நின்றவுடன் எலும்பு நொறுங்கிவிடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. இறந்த எலும்பும் சில காலம் வலுவாகவே நிற்கும். புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைந்து, எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் இறந்த பகுதியைக் கரைக்கத் தொடங்கும்போதுதான் தலை வலுவிழக்கிறது. பழைய சுவரை இடித்துப் புதுச் சுவர் எழுப்பும் இடைக்காலத்தில் கூரையைத் தாங்குவது எது? அந்த இடைக்காலத்திலேதான் உடலின் பாரமும், தசைகளின் இழுப்பும் சேர்ந்து தலையை நசுக்குகின்றன. அதன் ஒரு பகுதி குழியைவிட்டு வெளிப்புறமாகப் பிதுங்குகிறது. பிதுங்கிய பகுதியைக் குழியின் விளிம்பு அழுத்திப் பள்ளமாக்குகிறது.

கண்டறிந்த வரலாறு

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறியும் வரையில், நொண்டும் குழந்தைகளின் இடுப்பு நோய்களில் பெரும்பாலானவை காசநோய் என்றே கொள்ளப்பட்டன. 1909-இல் ஸ்டாக்ஹோம் நகரத்து வால்டன்ஸ்ட்ராம் இந்நோயின் எக்ஸ்ரே படங்களை விவரித்தபோதுகூட, அதனைக் காசநோயின் ஒரு வகையாகவே எண்ணினார். 1910-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து லெக், பிரான்ஸில் பெர்க் நகரத்துக் கால்வே, ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்துப் பெர்த்தஸ் ஆகிய மூவரும், ஒருவரையொருவர் சாராமல், இது காசநோயன்று எனப் பிரித்துக் காட்டினர். அதனால் மூவர் பெயரையும் சேர்த்து இந்நோயைக் குறிப்பதும் உண்டு. வால்டன்ஸ்ட்ராம் வகுத்த நோயின் நிலைகள் சிறு மாற்றங்களுடன் இன்றும் வழக்கில் உள்ளன. காசநோய் நீங்காத இந்திய நாட்டில், லெக்கும் கால்வேயும் பெர்த்தஸும் திருத்திய அப்பிழை இன்னும் முற்றிலும் பழங்கதையாகிவிடவில்லை.

மேற்குக் கடற்கரையின் பாடம்

கர்நாடக மாநிலம் இந்நோயைப் பற்றிய அறிவிற்குத் தனிப் பங்களித்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடையே உள்ள உடுப்பி வட்டாரத்தில் பெர்த்தஸ் நோய் அதிகமாகக் காணப்படுவதை, மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் பெஞ்சமின் ஜோசப்பும் அவருடன் பணியாற்றியோரும் 1988-இல் வெளியிட்டனர். பதினைந்து வயதிற்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளுள் ஆண்டுக்கு நான்கு பேருக்குச் சற்று மேற்பட்டோர் அங்கு இந்நோய்க்கு உள்ளாயினர். தென்னிந்தியாவின் பிற பகுதிகளில் இவ்விகிதம் மிகக் குறைவாகவே இருந்தது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து ஏழை மக்களிடையே இந்நோய் மிகுந்திருந்ததை ஆராய்ந்தோர், வறுமையுடன் அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் எனக் கருதினர். மேற்குக் கடற்கரையில் இது மிகுவதற்குரிய காரணமோ இன்னும் புலப்படவில்லை.

மற்றொரு வேறுபாடு களப் பணியாளருக்கு மிக முக்கியமானது. மேனாடுகளில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கே இந்நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. தென்னிந்தியாவிலோ சற்றுப் பிந்திய வயதிலேயே தொடங்கக் காணப்படுகிறது. வயது ஏற ஏற, எலும்பு வளர்ந்து தன்னைச் சீர்செய்துகொள்ளும் காலம் குறைவதால், விளைவும் மோசமாகிறது. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் தேறிவிடும். எட்டு வயதைக் கடந்த குழந்தைக்கு அத்தகைய உறுதி இல்லை. ஆதலின் மேனாட்டு நூல்கள் கூறும் நம்பிக்கையை இந்நாட்டுக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்திக்கொள்ளுதல் தவறாகும்.

2003-இல் அதே மணிப்பால் குழுவினர் 610 குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களை வரிசையாக ஆராய்ந்து, நோய் நடக்கும் வழியை ஏழு படிகளாகப் பிரித்துக் காட்டினர். முதலில் எலும்பு வெளுத்து அடர்ந்து காணப்படும், பின்னர்த் துண்டு துண்டாகும், பின்னர்ப் புதிய எலும்பு படியும், இறுதியில் ஆறும். முழுவதற்கும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை செல்லலாம். சிகிச்சையின்றி இருந்தோருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே தலை உருண்டையாக ஆறியிருந்தது. எலும்பு துண்டாகும் நிலையின் பிற்பகுதிக்குள் நுழையுமுன் செய்யப்படும் சிகிச்சையே பயனளிக்கும் என்பது இவ்வாராய்ச்சிகளால் விளங்கிற்று. அந்த எல்லையைத் தாண்டிய பின்னர் அதே அறுவைச் சிகிச்சையைச் செய்தாலும் இழந்த உருவம் எளிதில் மீளாது.

பெங்களூர் நகரத்திற்கு இது எவ்வகையில் பொருந்தும் எனின், கடற்கரை மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி இந்நகருக்குக் குடியேறிய குடும்பங்கள் பல. கிருஷ்ணகிரி, தருமபுரி, கோலார்ப் பகுதிகளிலிருந்து வந்து கட்டட வேலை செய்வோரும் மிகப் பலர். நகரின் ஒரு வகுப்பறையில் இவர்கள் அனைவரின் பிள்ளைகளும் அமர்ந்திருப்பர்.

அறிகுறிகள்

பெரும்பாலும் நான்கு முதல் பத்து வயதிற்குள் இந்நோய் தோன்றுகிறது. சிறுமியரைவிடச் சிறுவர்கள் நான்கு, ஐந்து மடங்கு அதிகமாகப் பாதிக்கப்படுகின்றனர். நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு இரு இடுப்புகளிலும் நோய் உண்டாகும். ஆனால் இரண்டிலும் ஒரே காலத்தில் அது பெரும்பாலும் தொடங்குவதில்லை.

முதற்குறி நொண்டலே. வலி சிறிதாகவோ, இல்லாமலோ இருக்கலாம். இடுப்பு மூட்டிற்கும் முழங்காலுக்கும் செல்லும் நரம்புகள் பொதுவாயிருத்தலின், இடுப்பின் வலி தொடையிலும் முழங்காலிலும் உணரப்படும். எனவே முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும் குழந்தையின் இடுப்பையும் சோதித்தல் வேண்டும். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, குறையொன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகளே காலந்தாழ்த்தி வருவோருள் பலர்.

இந்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் கண்ணில் எளிதில் படக்கூடிய குறி ஒன்று உண்டு. தொடையை அகற்றும் அசைவும், அதனை உட்புறமாகத் திருப்பும் அசைவும் இந்நோயில் முதலில் குறைகின்றன. ஆகவே சம்மணமிட்டு அமர்வது கடினமாகும். மதிய உணவு வரிசையில் ஒரு முழங்கால் மட்டும் தரையில் படியாமல் தூக்கி நிற்க அமரும் குழந்தையையும், வழக்கமாகச் சம்மணமிட்டவன் காலை நீட்டி அமரத் தொடங்கினாலும் குறித்துக்கொள்ளல் வேண்டும். இது நோயை உறுதிப்படுத்தும் சோதனை அன்று. இடுப்பைச் சோதிக்கவேண்டும் என்பதற்குப் போதுமான காரணம் மட்டுமே.

சுகாதார ஊழியர் செய்யத்தக்கவை மேலும் இரண்டு. குழந்தையை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பின்புறமிருந்து நோக்கினால், நோயுற்ற காலில் நிற்கும்போது இடுப்பின் மறுபுறம் கீழே சரியும். அடுத்து, குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, இரு முழங்கால்களையும் செங்குத்தாக மடக்கி, பாதங்களை இருபுறமும் வெளிநோக்கித் தாமாகச் சாயவிட வேண்டும். நோயுற்ற பக்கத்துப் பாதம் மற்றதைவிடக் குறைவாகச் சாயும். வலி உண்டாக்கும் அளவிற்கு எதையும் வளைக்கலாகாது.

2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் சென்று குழந்தைகளைச் சோதிக்கின்றன. அத்திட்டம் வகுத்த முப்பது குறைபாடுகளுள் பிறவி இடுப்பு மூட்டுக் குறைபாடு இடம்பெற்றுள்ளது. பெர்த்தஸ் நோய் பெயரிட்டுக் குறிக்கப்படவில்லை. பிறவிக் குறைபாட்டைத் தேடும் கண்ணிற்கு, ஏழு வயது வரை நன்றாக நடந்து பின்னர் நொண்டத் தொடங்கியவன் தப்பிவிடக்கூடும். ஆண்டுக்கொரு முறை வரும் குழுவிற்காகக் காத்திருத்தலும் இந்நோயில் பொருந்தாது.

மயக்கம் தரும் பிற நோய்கள்

காய்ச்சலுடன் கடும் வலியும் தோன்றி, காலையே ஊன்ற மறுக்கும் குழந்தையை அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அது மூட்டினுள் சீழ் பிடித்தலாக இருக்கலாம். ஒரு நாள் தாமதமும் மூட்டை அழிக்கும். பத்து வயதைக் கடந்த, உடல் பருத்த பிள்ளை நொண்டினால், எலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் நழுவியிருக்கலாம். அதற்கும் அவசரச் சிகிச்சை தேவை, அப்பிள்ளையை நடக்கவிடலாகாது. சளி, காய்ச்சலுக்குப் பின் தோன்றி ஓரிரு வாரத்தில் மறையும் இடுப்பு வலி தீங்கற்றது. ஆனால், அது நீடித்தாலோ மீண்டும் வந்தாலோ பெர்த்தஸ் நோயை நினைத்தல் வேண்டும்.

காசநோயில் எடை குறைதல், மாலைக் காய்ச்சல், இரவில் வலியால் அலறி எழுதல் ஆகியவை காணப்படலாம். எக்ஸ்ரே படத்தில் மூட்டின் இடைவெளி சுருங்கும். பெர்த்தஸ் நோயின் தொடக்கத்திலோ அவ்விடைவெளி அகன்று தோன்றும். இரு இடுப்புகளும் ஒருங்கே ஒத்த வகையில் கெட்டிருந்தால் தைராய்டுச் சுரப்பியின் குறையையும் ஆராய்வர்.

மலைவாழ் மக்களிடையே பணிபுரிவோர் அரிவாளணு இரத்த நோயை மறக்கலாகாது. இந்தியாவில் அந்நோய்க்குரிய அணு 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடமே லேமன், கட்புஷ் என்னும் இருவரால் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைப்பதால் தொடையெலும்பின் தலை இறந்துபடும். எக்ஸ்ரே படமும் பெர்த்தஸ் நோயை ஒத்திருக்கும். சிகிச்சையோ வேறு. ஓர் எளிய இரத்தப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

சிகிச்சை முறைகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்குழந்தைகள் இரண்டு, மூன்று ஆண்டுகள் மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். பாரம் ஏறாவிட்டால் எலும்பு நசுங்காது என்பது அக்காலத்துக் கருத்து. ஆனால் படுத்திருக்கும்போதும் தசைகளின் இழுப்பு மூட்டை அழுத்துகிறது என்பது பின்னர் உணரப்பட்டது. குழந்தைப் பருவத்தைப் படுக்கையில் கழித்ததற்கேற்ற பலன் அவர்களுக்குக் கிட்டவில்லை.

இன்றைய முறையின் அடிப்படை வேறு. மென்மையாயுள்ள தலையைக் குழியினுள் முழுமையாகப் பொருத்தி வைத்தால், குழியே அதற்கு அச்சாக அமைந்து உருண்டை வடிவைக் காக்கும். மாவு பிசைந்து அச்சில் இட்டாற்போல என்று இதனைப் பெற்றோருக்கு விளக்கலாம். இதற்குத் தொடையை அகற்றிய நிலையில் வைத்தல் வேண்டும். இரு கால்களுக்கும் மாவுக்கட்டு இட்டு, இடையே மரக் கோலைப் பொருத்தி அகற்றி வைப்பது ஒரு வழி. அறுவைச் சிகிச்சையில், தொடையெலும்பைத் தலைக்குக் கீழே வெட்டிச் சாய்வை மாற்றித் தகட்டினால் இணைப்பது ஒன்று. 1961-இல் கனடாவின் சால்ட்டர் விவரித்தபடி இடுப்பெலும்பை வெட்டிக் குழியையே திருப்பித் தலையின்மேல் கவியச் செய்வது மற்றொன்று.

அனைவருக்கும் அறுவை தேவையில்லை என்பதை வலியுறுத்துதல் வேண்டும். ஆறு வயதிற்குட்பட்டு, அசைவு நன்றாயுள்ள குழந்தைக்கு வலி மிகும் நாட்களில் ஓய்வும், மூட்டின் அசைவைக் காக்கும் பயிற்சியும், கண்காணிப்புமே பெரும்பாலும் போதும். 2004-இல் ஹெரிங்கும் அவரைச் சார்ந்தோரும் அமெரிக்காவில் வெளியிட்ட பல மருத்துவமனைகளின் கூட்டாராய்ச்சியில், எட்டு வயதிற்கு மேற்பட்டு நடுத்தர அளவில் நோயுற்றோருக்கே அறுவையால் தெளிவான நன்மை கிடைத்தது. தலையின் வெளிப்பகுதி முழுவதும் நொறுங்கிவிட்டவர்களுக்கு எவ்வகைச் சிகிச்சையும் பெரும் பயன் தரவில்லை. முன்னதாக வந்திருப்பின் அவர்களுள் சிலரேனும் வேறு நிலையில் இருந்திருக்கக்கூடும்.

எக்ஸ்ரே படம் எடுக்கும்போது நேர் நிலையில் ஒன்றும், தவளைக்கால் போல் தொடைகளை அகற்றிய நிலையில் ஒன்றுமாக இரு படங்கள் தேவை. முதற்சில வாரங்களில் படம் குறையற்றுத் தோன்றலாம். நொண்டல் தொடர்ந்தால் சில வாரங்கள் கழித்து மீண்டும் படம் எடுக்க வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. சோதனை செய்ய வேண்டும். முதற்படம் நன்றாயிருந்ததைக் கொண்டு குழந்தையைக் கைவிட்டுவிடலாகாது. நாட்டு வைத்தியரிடம் சென்று இறுகக் கட்டிக்கொள்வதும், வலுவாக நீவி மடக்குவதும் இறந்த எலும்பிற்கு இரத்தத்தைக் கொண்டுவரா. அதனால் வரும் பெருங்கேடு, கழிந்துபோகும் மாதங்களே. பெற்றோரை இகழாமல் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். எலும்பு முறிவுகளில் அவ்வைத்தியர்கள் மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கை பழமையானது.

பள்ளியில் செய்யத்தக்கவை

நோய் உறுதியான பின்னர்க் குழந்தையைப் பள்ளியினின்று நிறுத்தவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஓடுதல், குதித்தல், கபடி, பாண்டி ஆட்டம் ஆகியவை விலக்கத்தக்கவை. நீந்துதலும் மிதிவண்டி ஓட்டுதலும் மருத்துவர் ஒப்புதலுடன் செய்யலாம். அவை மூட்டின் அசைவைக் காக்கும். தரையில் அமர்த்தாமல் நாற்காலி தருதலும், மாடியிலுள்ள வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுதலும் தலைமையாசிரியரின் அதிகாரத்திற்கு உட்பட்டவையே. குந்தி அமரும் கழிப்பறை இக்குழந்தைக்குப் பெருந்துன்பம்; அதற்கு அஞ்சி நாள் முழுதும் நீர் அருந்தாமலிருக்கும் பிள்ளைகள் உண்டு.

கால்களை அகற்றிய மாவுக்கட்டுடன் சாதாரண வகுப்புப் பலகையில் அமர இயலாது; பேருந்திலும் ஏற இயலாது. அச்சில மாதங்களுக்குப் பாடங்களை வீட்டிற்கு அனுப்பி வைக்கும் ஆசிரியர் ஒருவர் கிடைத்தால், அவன் ஒரு வகுப்பை இழக்காமல் தப்புவான். நோய் தொற்றாது என்பதை உடன்பயிலும் மாணவர்க்கும், அவர்தம் வீட்டார்க்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நன்று. காசநோய் என்ற பேச்சு ஒரு முறை பரவிவிட்டால் பக்கத்தில் அமரவும் பிள்ளைகள் அஞ்சுவர்.

பெங்களூரில் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம், சஞ்சய் காந்தி விபத்து மற்றும் எலும்பியல் நிறுவனம், பௌரிங் மற்றும் லேடி கர்ஸன் மருத்துவமனை ஆகிய அரசு சார்ந்த மருத்துவமனைகள் உள்ளன. பரிந்துரைச் சீட்டில் “முழங்கால் வலி” என்று மட்டும் எழுதாமல், எந்தப் பக்கக் கால், எத்தனை வாரமாக நொண்டல், சம்மணமிட இயலுகிறதா, காய்ச்சல் உண்டா என்பவற்றைக் குறித்து, இடுப்பு மூட்டைச் சோதிக்க வேண்டும் என்று எழுதியனுப்பினால் கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவிலும் அது பயன்படும்.

சிகிச்சை தொடங்கியதும், நோய் எந்தப் படியில் உள்ளது என்பதை அறிய மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கொரு முறை புதிய படம் எடுக்கப்படும். புதிய படத்தைப் பழைய படத்துடன் ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்கிறார். கட்டட வேலை முடிந்ததும் குடும்பம் ஓசூருக்கோ, சொந்த ஊருக்கோ பெயர்ந்துவிடுகிறது. அங்கே வேறு மருத்துவர், வேறு மருத்துவமனை. படங்கள் பெங்களூரிலேயே தங்கிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும். ஆதலின் எல்லாப் படங்களையும், எடுத்த தேதியுடன், ஓர் உறையிலிட்டுப் பெற்றோரிடமே ஒப்படைத்தல் வேண்டும். ஊர் மாறும்போது மாற்றுச் சான்றிதழுடன் அவ்வுறையும் செல்கிறதா என்று வகுப்பாசிரியர் ஒரு முறை கேட்டறிதல் நலம்.